பழைய எஞ்சினுக்கு ஒரு புதுப் போல்ட்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் காணலாம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடிய வண்டிகள் இவை. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இப்படி ஒரு காரை வைத்திருப்பவர், எஞ்சினில் ஒரு போல்ட் முறிந்தால் பண்ணைப் பாலம் கடந்து பட்டணத்துக் கடைக்குத்தான் போகவேண்டும். நெடுந்தீவில் ஒரு பழைய எஞ்சினைத் திருத்துபவருக்குக் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ் என்று ஒரு நாளே போய்விடும். அவ்வளவு தூரம் போய் வாங்குகிறவருக்கு, துருவே பிடிக்காத, பளபளக்கும் போல்ட்டாகப் பார்த்து எடுக்கத் தோன்றும். உப்புக்காற்றில் இரும்பு படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அது நியாயமான ஆசைதான். ஆனாலும் எஞ்சினுக்குப் போல்ட் எடுக்கும்போது முதலில் புரியைப் பார்க்கவேண்டும், அடுத்துப் பலத்தை. துரு மூன்றாவதாகத்தான் வரவேண்டும் என்பது என் வாதம்.

புரி ஏன் முதலில் வருகிறது? இந்த வண்டிகள் பிறந்த காலம் அப்படி. 1841 இல் விட்வேர்த் என்ற பொறியியலாளர் வகுத்த 55 பாகைப் புரிதான் பிரித்தானியாவில் நூறு வருடம் ஆண்டது. 1948 இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் 60 பாகையில் ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. மொறிஸ் மைனர் வெளிவந்ததும் அதே வருடம்தான். ஆனால் முதல் மைனர்களின் எஞ்சின், பிரெஞ்சு ஹொச்கிஸ் நிறுவனம் கொவென்றியில் நடத்திய தொழிற்சாலையின் வழிவந்தது. அதனால் அதன் போல்ட்டுகளில் புரி மெற்றிக், தலை மட்டும் விட்வேர்த் அளவு. 1952 இல் ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சின் மைனருக்குள் வந்தபோது பொதுப் புரியும் கூடவே வந்தது. ஆக, ‘மொறிஸ் மைனர் போல்ட் ஒன்று தாருங்கள்’ என்று கேட்டால் எந்தக் கடைக்காரராலும் சரியாக எடுத்துத் தர முடியாது. 5/16 அங்குலப் போல்ட்டைப் பாருங்கள். அதன் தடிப்பு 7.94 மில்லிமீற்றர், இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் எட்டு மில்லிமீற்றர்ப் போல்ட்டிலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. பொதுப் புரிப் போல்ட்டென்றால் தலையின் அகலம் 12.7 மில்லிமீற்றர், 13 ஆம் நம்பர் சாவி அதில் சற்று ஆடினாலும் பிடித்துவிடும். எல்லாம் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் புரிகளை எண்ணினால் கதை வேறு. அங்குலத்துக்குப் பொது நுண்புரியில் 24, பழைய பிரித்தானிய நுண்புரியில் 22, சாதாரண எட்டு மில்லிமீற்றரில் 20 சொச்சம். தவறான போல்ட் ஓரிரு சுற்று உள்ளே போய் இறுகும். துருதான் தடுக்கிறது என்று எண்ணிச் சாவியைப் போட்டு முறுக்கினால், எஞ்சின் புளொக்கின் வார்ப்பிரும்புப் புரி உரிந்து வெளியே வரும். ஒரு சின்னச் சாமானுக்காக எஞ்சினையே புண்ணாக்குவது அது. பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கம்பக்கமாகச் சேர்த்து, பல்லுக்குள் பல் இருக்க, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அரை அங்குல நீளத்துக்குள்ளேயே 12 புரி, 11 புரி என்ற வேறுபாடு இடைவெளியாகத் தெரிந்துவிடும். சரியான போல்ட், சுத்தமான துளையில் விரலாலேயே அடிவரை இறங்கும்.

இனிப் பலம். போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும் இழுவைதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. 8.8 என்று தலையில் பொறித்த போல்ட், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 640 நியூற்றன் வரை இந்த இழுவையைத் தாங்கி மீளும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 நியூற்றனிலேயே மீளாமல் நீண்டுவிடும். அங்குலப் போல்ட்டில் தலையில் மூன்று கோடு இருந்தால் அது 8.8 ஐ ஒத்தது, ஆறு கோடு இருந்தால் 10.9 ஐ ஒத்தது. எந்த அடையாளமும் இல்லாததைக் கொனெக்ரிங் ரொட்டுக்கோ பிளைவீலுக்கோ போடவே கூடாது. ‘மீன்பிடிப் படகில் ஸ்டெயின்லெஸ்தானே நிற்கிறது’ என்பார்கள். படகில் அது தாங்குவது வேறு சுமை. எஞ்சினில் அதற்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு: ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும், அலுமினியப் பாகத்தில் பூட்டினால், உப்பு ஈரத்தில் அரிபடுவது அலுமினியம். வால்வு மூடி போன்ற சுமை குறைந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸைத் தாராளமாகப் போடலாம்.

‘அப்படியென்றால் இருப்பதில் பலமான 12.9 ஐப் போட்டால் என்ன?’ என்பது அடுத்த கேள்வி. அவ்வளவு கடினமான உருக்கு, துருவேறும் இடத்தில் முன்னறிவிப்பின்றி வெடித்து முறியக்கூடியது. தீவுகளுக்கு அது இன்னும் பொருந்தாது. பழைய துளையில் புதுப் புரி வெட்டிவிடலாம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 7.94 மில்லிமீற்றர்த் துளையில் எட்டு மில்லிமீற்றர்ப் புரி வெட்டினால் பழைய புரியும் புதியதும் குறுக்கறுத்து, பிடிக்கச் சதையே மிஞ்சாது. துளை கெட்டே போயிருந்தால், உள்ளே கம்பிச்சுருள் பதித்து அதே பழைய புரியை மீட்பதுதான் வழி. அடுத்து அந்த எஞ்சினைத் திறப்பவரும் ஏமாறமாட்டார்.

துருவுக்கு விடை, நாகமுலாம் பூசிய உருக்குப் போல்ட்டும் வெளியே தெரியும் தலையில் கொஞ்சம் கிறீசும். புரிக்குள் கிறீஸ் பூசினால் கவனம் தேவை: உராய்வு குறைவதால், உலர்ந்த புரிக்குச் சொன்ன அளவுக்கு முறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். கடைசியாக, போல்ட்டின் நீளம். பழையதைக் கழற்றிய கையோடே அதையும் பார்த்துவிடுங்கள். அடிமூடிய துளையென்றால் ஓர் ஈர்க்கை விட்டு ஆழத்தை அளந்து முறித்து, பழைய போல்ட்டோடும் வோஷரோடும் சேர்த்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வோஷரும் பூட்டும் பாகத்தின் தடிப்பும் போக, போல்ட்டின் மிச்ச நீளம் ஈர்க்கின் நீளத்தைவிட இரண்டு மூன்று புரி குறைவாக இருக்கவேண்டும். நுனி அடியில் முட்டினால் சாவிக்கு இறுகியதுபோலத்தான் தெரியும், ஆனால் பாகம் தளர்வாகவே கிடக்கும்.