சொன்னவர் யார், அளந்தவர் யார்?

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் தண்ணீரையும் காற்றையும் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணலாம். நம் பிள்ளைகள் சுகமாய் வளர்ந்தால்தானே அடுத்த ஜூபிலிக்கு இக்கோவில் நிறையும்? ஆகையால் இதையே பேசத் துணிந்தோம்.

சென்ற கோடையில் எங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் எல்லா நஞ்சும் நீங்கிவிடும், டாக்டர்களே சொல்கிறார்கள் என்றது அது. எந்த டாக்டர்? பெயரில்லை. எந்த ஊர்த் தண்ணீர்? அதுவுமில்லை. ஆயினும் நல்லது செய்வதாக எண்ணி நால்வருக்கு அனுப்பிவிட்டோம். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் ஒரு தாயும் அந்த நால்வரில் ஒருவர்.

பிறகு விசாரித்தபோதுதான் உண்மை புரிந்தது. கொதிக்க வைத்தால் காலரா, டைபாய்டு கிருமிகள் மடியும், மெய்தான். ஆனால் நைட்ரேட்டும் புளோரைடும் கிருமிகள் அல்ல, நீரில் கரைந்திருப்பவை. நீர் ஆவியாகப் போகப் போக அவை பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குன்றி, உடல் நீலம் பாயக்கூடும். அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்று, எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டோம்.

அப்படியானால் எதை நம்புவது? மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, அளந்தவர் யார்? செய்தியின் அடியில் வடிகட்டும் இயந்திரம் விற்பவரின் எண் இருந்தால், அது செய்தியன்று, விளம்பரம். நம் கிணற்று நீரைப் பற்றி அறிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிப்பதே வழி. இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு நீர் இல்லையேல் 1.5 வரை ஏற்கலாம்.

இரண்டாவது, எங்கே, எப்போது அளந்தது? நம் ஆர்.கே.பேட்டை மாவட்டத்தின் மேற்கே, தறிச் சத்தம் கேட்கும் ஊர். கும்மிடிப்பூண்டியோ வடகிழக்கே, ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே காற்றை அளக்கும் நிலையம் உண்டு. அதன் கணக்கை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் எவரும் பார்க்கலாம். அங்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் அந்த எண் நம் தெருக் காற்றைச் சொல்லாது.

மூன்றாவது, எந்த அளவுகோல்? காற்றிலுள்ள மிக நுண்ணிய தூசிக்கு ஒரு நாள் வரம்பாக நம் நாடு 2009-இல் வைத்தது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. அதே காற்றை ஒரு செயலி பச்சையாகவும் மற்றொன்று சிவப்பாகவும் காட்டுவது இதனால்தான்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் போபாலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் விஷவாயு பரவியபோது, அது இன்ன வாயு என்பதோ, ஈரத் துணியால் முகத்தை மூட வேண்டும் என்பதோ அருகில் குடியிருந்த ஏழைகளுக்கு யாரும் முன்னதாகச் சொல்லி வைக்கவில்லை. அறியாமை அன்று ஆயிரக்கணக்கானோரின் உயிரோடு விளையாடியது.

இன்று நமக்குக் கேட்கும் உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்தால், அரசு அலுவலகம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆலைக் கழிவு பற்றியும் கேட்கலாம், குடிநீர்ச் சோதனை முடிவையும் கேட்கலாம்.

ஆகவே அன்பர்களே, ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பக் கை நீளுமுன் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத செய்தி உங்களோடு நிற்கட்டும். கோடை தொடங்குமுன் நம் கிணறுகளின் நீரைச் சோதித்து, வந்த முடிவை எல்லோரும் காணும்படி எழுதி ஒட்டுவோம். இந்த ஜூபிலியின் நினைவாக நம் குழந்தைகளுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கடமை அது.