படம் உடையுதா, மங்குதா? ரெண்டும் வேற வேற

"கேபிள்ல படம் சரியில்ல, டிஷ்ஷுக்கு மாறிடலாமா?" நிறைய வீடுகள்ல நடக்குற பேச்சு இது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கினப்போ எல்லாமே அனலாக். மாடி ஆன்டெனா கொஞ்சம் திரும்பினாலே திரை முழுக்கப் புள்ளி. கட்டடத்துல பட்டுத் திரும்பி வர்ற அலையால ஒரே ஆள் ரெண்டு ஆளாத் தெரிவார். அப்புறம் கேபிள் வந்தது. வழியில் இருக்குற ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் சிக்னலோட சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். அதனால தெருக்கோடி வீட்டுக்குப் படம் மங்கித்தான் போகும். அதாவது, சிக்னல் வந்த வழிதான் தரத்தைத் தீர்மானிச்சது.

டிஜிட்டல்ல இந்தக் கணக்கு மாறிடுச்சு. சிக்னல் ஓரளவு குறைஞ்சாலும் பெட்டி பிழைகளைத் திருத்திடும். படம் அப்படியே இருக்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். வீட்டு டிஷ்ஷுக்கு வர்ற அலை சுமார் 11, 12 கிகாஹெர்ட்ஸ். கனமழை அதை நல்லாவே பலவீனமாக்கும். கேபிள்காரரும் பெரும்பாலான சேனல்களைச் செயற்கைக்கோள்ல இருந்துதான் எடுக்கிறார். ஆனா அவர் பெரிய டிஷ்ல வாங்குறது பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அதுல மழையின் தாக்கம் குறைவு.

சரி, வெயில் நேரத்துலயும் கிரிக்கெட் மைதானப் புல் பச்சை பெயின்ட் மாதிரி தெரியுதா? அது சிக்னல் குறை இல்லை, பிட்ரேட் பஞ்சம். ஒரே அலைவரிசையில நிறைய சேனல்களை நெருக்கினா ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற பிட் குறையும். அமெரிக்காவுல ஒரு ஆன்டெனா அலைவரிசைக்கு நொடிக்கு சுமார் 19 மெகாபிட் இருக்கு. அதைச் சில சேனல்கள் மட்டும் பகிர்ந்துக்கிட்டா, அழுத்திச் சுருக்கின கேபிள் படத்தைவிட இலவச ஆன்டெனா படமே நல்லா இருக்கும்.

அதனால முதல்ல பெட்டியோட மெனுவுல 'சிக்னல் குவாலிட்டி' பாருங்க. படம் உடையுது, குவாலிட்டியும் குறைவுன்னா கனெக்டர், வயர், டிஷ் திசையைச் சரிபார்க்கச் சொல்லுங்க. குவாலிட்டி நல்லா இருந்தும் மங்கலா இருந்தா, புது வயர் போட்டுப் பிரயோஜனமில்லை. எஸ்டி சேனல்ல 576 வரிதான். 43 இன்ச் டிவியில இழுத்துக் காட்டினா அப்படித்தான் தெரியும். எச்டி பெட்டி இருக்கா, எச்டி சேனல்தான் ஓடுதா, எச்டிஎம்ஐ கேபிள்ல இணைச்சிருக்கான்னு பாருங்க.

எல்லாம் சரியா இருந்தும் மங்கலா? அப்போ அதே சேனலை டிஷ் வச்சிருக்கிற பக்கத்து வீட்டுல ஒரு தடவை பார்த்துட்டு, மாறலாமான்னு முடிவெடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.