மழைக்கு முன்பே கேளுங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 1100 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அது சொல்லும் தேர்தலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியமும் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு குழு. ஆறு பேர். ஆண்டுதோறும் புதியவர்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது.

கவனியுங்கள். மழை கொட்டும்போது அவர்கள் ஆள் தேடவில்லை. முன்பே பொறுப்பைக் கொடுத்து வைத்தார்கள்.

கல்யாண வீட்டில் யார் பரிமாறுவது என்று முதல் நாளே பேசி வைக்கிறோம். இலை போட்ட பிறகா ஆள் தேடுவோம்?

2015 வெள்ளத்தில் நம் மாவட்டம் தவித்தது. எங்கிருந்தெல்லாமோ உதவி வந்தது. உதவியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் எந்த வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தெருக்காரருக்குத்தான் தெரியும்.

அன்றைய உத்திரமேரூர் வாரியங்களில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம். பெண்களுக்கு இடமே இல்லை. இன்றைய கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். இதுதான் பெரிய வித்தியாசம்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். பருவமழைக்குச் சற்று முன்பு. போய்க் கேளுங்கள். ஏரி மதகுக்கு யார் பொறுப்பு? கலங்கல் அடைபடாமல் இருக்கிறதா? தாழ்வான தெருவில் இருக்கும் முதியவர்களை யார் அழைத்துப் போவது? பெயரோடு பதில் வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.