பென்குயின்கள் கேட்ட கேள்வி

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் மக்களாட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சர்வாதிகாரி போய்த் தேர்தல் வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் தென் அமெரிக்க வரைபடத்தோடு வகுப்புக்குப் போனேன்.

சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பினோசே 1990 வரை ஆண்டார். அவர் தொடரலாமா என்று 1988இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். 1990 மார்ச் 11 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த அய்ல்வின் பதவியேற்றார். ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் இராணுவ அரசு ஒரு கல்விச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஆள் போனார், சட்டம் நின்றது. பினோசேயும் 1998 வரை தரைப்படைத் தளபதியாக நீடித்தார்.

2006இல் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சீருடையின் நிறத்தால் அவர்களைப் 'பென்குயின்கள்' என்பார்கள். முதலில் கேட்டது இலவசப் பேருந்துப் பயணமும் தேர்வுக் கட்டண விலக்கும். பிறகு, "ஏழைக்கு ஒரு கல்வி, பணக்காரருக்கு ஒரு கல்வியா?" என்பதே கேள்வியானது. கண்ணீர்ப்புகை வந்தது; பேச்சுவார்த்தையும் வந்தது. குடியரசுத் தலைவர் பாச்லெட் அமைத்த ஆலோசனைக் குழுவில் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. 2009இல் புதிய சட்டம் வந்தது. அது போதாதென்று 2011இல் மாணவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். அவர்களுள் ஒருவரான போரிக் 2022இல் குடியரசுத் தலைவரானார். அவர் ஆதரித்த அரசியலமைப்பு வரைவை அதே ஆண்டு மக்கள் நிராகரித்ததும் மக்களாட்சிதான்.

இதையெல்லாம் பெருமையாக நடத்தி முடித்தேன். அடுத்த வாரம் அதே வகுப்புப் பிள்ளைகள், பழுதான குடிநீர்க் குழாய் பற்றி முப்பது பேர் கையெழுத்திட்ட மனுவோடு வந்தார்கள். என் வாயில் முதலில் வந்த சொல் என்ன தெரியுமா? "யார் உங்களைத் தூண்டிவிட்டது?"

அந்த மாணவி தலைகுனிந்து நின்றாள். சிலியைப் பற்றி நான் சொன்ன அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அழிந்துவிட்டதாக உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளோடு சென்று தலைமையாசிரியரிடம் மனுவைக் கொடுத்தேன். குழாய் சரியாக மூன்று வாரமானது.

நண்பர்களே, அடக்குமுறை ஆட்சி ஒரு நாளில் முடியலாம். கேள்வி கேட்பவரைச் சந்தேகிக்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் முடியாது. அது நம் வகுப்பறையிலும் இருக்கிறது. பிள்ளைகள் மனுவோடு வரும்போது முதலில் உட்காரச் சொல்வோம், பிறகு படிப்போம்.