ஆனர்ஸில் தொடர்வதா, வேறு பல்கலைக்கழகம் செல்வதா?

(ஜமாஅத் கல்விக் குழு நடத்திய பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பிள்ளைகள் இன்று டில்லிக்கும் கேரளத்திற்கும் புதுச்சேரிக்கும் சென்று பயில்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அங்கு சென்ற பிள்ளைகளின் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. "மூன்று ஆண்டுகள் முடித்துப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்திற்குச் செல்வதா? அல்லது அங்கேயே இருந்து நான்காம் ஆண்டு ஆனர்ஸையும் முடிப்பதா?" என்பதே அக்கேள்வி. அதைப் பற்றிச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

ஆனர்ஸ் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. முற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட் முடித்தவர்கள் மூன்றாண்டு பி.ஏ. ஆனர்ஸ் பயின்றனர். அவர்கள் பின்னர் தனித் தேர்வு எழுதாமலேயே எம்.ஏ. பட்டமும் பெற முடிந்தது. இன்றைய ஆனர்ஸ் வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட்டும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்திற்குக் குறைந்தது 160 கிரெடிட்டும் வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகம் இம்முறையை 2022-லும், கேரள மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2024-லும் தொடங்கின. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்த கலை, அறிவியல் கல்லூரிகளிலோ மூன்றாண்டுப் படிப்பே நடைபெறுகிறது. ஆகையால்தான் ஊரில் பயிலும் பிள்ளைக்கு எழாத கேள்வி, வெளியூரில் பயிலும் பிள்ளைக்கு எழுகின்றது.

பெற்றோர் பலர், "நான்காம் ஆண்டு என்பது ஓராண்டு வீண்" என்று எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றாண்டுப் பட்டமும் ஈராண்டு முதுகலையும் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள். நான்காண்டு ஆனர்ஸும் ஓராண்டு முதுகலையும் சேர்ந்தாலும் அதே ஐந்து ஆண்டுகள்தாம். ஆனால் இங்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓராண்டு முதுகலைக்கு 2024-ல் வெளியான கட்டமைப்பு இடமளித்த போதிலும், எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லாப் பாடங்களிலும் அதனை நடத்துவதில்லை. ஆனர்ஸ் முடித்த பின் ஈராண்டு முதுகலையில்தான் இடம் கிடைக்குமென்றால் ஐந்து ஆறாகிவிடும். எனவே நான்காம் ஆண்டில் சேருமுன், அதற்கடுத்த வாயில் எங்கே திறந்திருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

அடுத்து, அந்த ஆண்டில் பிள்ளை எதைப் பெறுகிறான் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸைத் தேர்ந்தெடுத்து, 12 கிரெடிட்டுக்குரிய ஆய்வேடு ஒன்றை எழுதலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலை இல்லாமலேயே முனைவர் படிப்பில் சேரத் தகுதி உடையவர். நெட் தேர்வையும் எழுதலாம். பிற்படுத்தப்பட்டோரில் கிரீமி லேயர் வரம்புக்குள் வராதவர்களுக்கு முனைவர் படிப்பில் சேர 5 விழுக்காடு தளர்வு உண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022-ல் நிறுத்திவிட்டது. அதனால் நெட் வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கு முன்னிலும் இன்றியமையாததாகிவிட்டது. அத்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 என உயர்த்தப்பட்டது. ஆய்வில் உண்மையான நாட்டமும் மதிப்பெண்ணும் உள்ள பிள்ளைக்கு நான்காம் ஆண்டு பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும், எல்லோருக்கும் அது வாய்ப்பாகாது. யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தொகுதித் தேர்வுகள், வங்கித் தேர்வுகள் ஆகியவற்றில் பட்டதாரிகளுக்கான பெரும்பாலான பணிகளுக்கு மூன்றாண்டுப் பட்டமே போதும். ஆசிரியராக விரும்புபவர் மூன்றாண்டுக்குப் பின் பி.எட். சேரலாம். குடும்பத்தின் பொருளாதாரச் சுமையைத் தாங்க வேண்டிய மூத்த பிள்ளைக்கு மூன்றாண்டில் வெளிவருவது இழிவன்று. துறையில் ஆய்வுக்கு வழிகாட்டும் நிரந்தரப் பேராசிரியர் இல்லையென்றால், நூலகமும் ஆய்வகமும் வெறுமையாக இருந்தால், பெயருக்காக அங்கே ஓராண்டைக் கழிப்பதைவிடச் சிறந்த துறையுள்ள வேறு பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்வதே அறிவுடைமை.

இனி, இடையிலேயே மாற விரும்புவோர் நிலை. முதலாண்டோ இரண்டாமாண்டோ முடித்துவிட்டு வேறு பல்கலைக்கழகம் செல்ல எண்ணுபவர், முதலில் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடிக்காதது பாடமா, இடமா? விடுதி உணவும், மொழியும், தனிமையும் காரணமாயின் அவற்றுக்கு வேறு தீர்வுகள் உண்டு. விடுதியை மாற்றலாம், அவ்வூரில் உள்ள நம் மக்களின் துணையை நாடலாம். பாடமே பொருந்தவில்லை என்றால் மாறுவது தக்கதே. ஆனால் கிரெடிட் வங்கி இருக்கிறது என்பதாலேயே எல்லாம் தாமாக மாறிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, கிரெடிட் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். எனினும் பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டைப் பெற்றிருக்க வேண்டும். சேரும் இடத்தில் காலியிடம் இருக்க வேண்டும். இரு பாடத்திட்டங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பாடங்களை மீண்டும் எழுத நேரிடலாம்.

பெண் மக்களைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "மூன்றாண்டு முடிந்தது, பட்டம் வந்துவிட்டது, ஊருக்கு அழைத்துக்கொள்வோம்" என்னும் பேச்சு எழுவது இயல்பு. அப்பிள்ளை 75 விழுக்காட்டுக்கு மேல் பெற்று, ஆய்வேடு எழுதும் தகுதியோடு நிற்கிறாளா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தெரிந்த ஆசிரியர், பழகிய விடுதி, பாதுகாப்பான சூழல் ஆகியவை ஏற்கெனவே அமைந்த இடத்தில் இன்னும் ஓராண்டு இருப்பது, புதியதோர் ஊரில் ஈராண்டு தொடங்குவதைவிட எளிதாக இருக்கலாம். ஊருக்கு அருகிலேயே நல்ல முதுகலைத் துறை இருந்து, அவளும் அதை விரும்பினால் அழைத்து வாருங்கள். அவளைக் கேளாமல் எடுக்கும் முடிவு மஷூரா ஆகாது.

இறுதியாக, நடைமுறைக்குரிய சில வேண்டுகோள்கள்.

ஒன்று: நான்காம் ஆண்டின் கட்டணம், வழிகாட்டி, விடுதி ஆகியவற்றைத் துறையிலேயே கேட்டு, இயன்றவரை எழுத்தில் பெறுங்கள்.

இரண்டு: மாற விரும்பினால், சேரவிருக்கும் பல்கலைக்கழகத்திற்குப் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பி, எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பதை எழுத்து வடிவில் கேளுங்கள்.

மூன்று: தமிழ்நாட்டு அரசுப் பணியை நாடுவோர், தம் பட்டத்திற்குரிய சமநிலை அரசாணை உண்டா என்பதைச் சேருமுன் பாருங்கள்.

நான்கு: புதிய இடத்தின் சேர்க்கை ஆணை கைக்கு வரும் வரை மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள். இங்கே பெயரை நீக்கிவிட்டு அங்கே இடம் கிடைக்காமல் நிற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

அன்பு மாணவர்களே! தொடர்வது வெற்றியும் அன்று, மாறுவது தோல்வியும் அன்று. நண்பன் தொடர்கிறான் என்பதற்காகத் தொடராதீர்கள், உறவினர் கேலி செய்வர் என்பதற்காக மாறாமலும் இராதீர்கள். உங்களுக்கு அந்த ஓராண்டு எதைத் தருகிறது, அதன் பின் எங்கே கொண்டு செல்கிறது என்னும் இரு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தால் முடிவு எளிதாகிவிடும். விண்ணப்பிக்கும் இறுதி நாளுக்கு முந்திய இரவில் அன்றி, ஐந்தாம் செமஸ்டரிலேயே இதனைப் பெற்றோருடனும் ஆசிரியருடனும் அமர்ந்து பேசுங்கள்.

பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வழங்குவானாக!