மேலே ஏறுவதுதான் முதல் பாடம்

(மயிலாப்பூரில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என் வகுப்புக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒருநாள் பத்தாம் வகுப்பில் பாயில் விதியை நடத்திவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"மிஸ், எங்க மாமா தூத்துக்குடியில சங்கு குளிக்கிறாரு. கம்ப்ரசர் காத்துலதான் மூச்சு விடுவாரு. மேல வந்தப்புறம் முட்டியெல்லாம் வலிக்குதுங்கிறாரு. எதனால மிஸ்?"

"அது பாடத்துல இல்லப்பா, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பாடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உடலின் மேல் நான்கு மடங்கு அழுத்தம். அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு அதிகம் கரையும் என்று 'கரைசல்கள்' பாடத்தில் நடத்துகிறோமே, அதன்படி நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழ்கள் கிளம்பும். மூட்டில் தங்கினால் வலி, தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழப்பு. உயிரே போகவும் கூடும்.

பழைய முத்துக்குளிப்பவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி ஏறினார்கள். கம்ப்ரசர் வந்தபின் வெகுநேரம் கீழே இருக்க முடிந்தது. கருவி மாறியது, அதற்கான பயிற்சி எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இதே நோய் நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியவர்களையும் தாக்கியது. ஆற்றின் அடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் அவர்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் படுக்கையில் விழுந்தார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், ஏறும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்டார்.

தொழில்முறை ஆழ்கடல் மூழ்குநர் பயிற்சியின் உயிர்நாடி இந்த அட்டவணைதான். கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிப்பது, பாலத் தூண்களைப் பார்ப்பது, எண்ணெய்க் குழாய்களைப் பழுதுபார்ப்பது ஆகியவை இவர்கள் வேலை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். காது, நுரையீரல், இதயம் எல்லாம் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். முதலில் நீச்சல் குளம், பிறகு கடல். தலைக்கவசத்துக்கு மேலிருந்து காற்றுக் குழாய், பேசும் கம்பி, பாதுகாப்புக் கயிறு எல்லாம் ஒரே கட்டாக வரும். அதற்கு ஆங்கிலத்தில் 'தொப்புள்கொடி' என்றே பெயர். கலங்கிய நீரில் கண் தெரியாது. கைதடவியே வெல்டிங் செய்யவும், வெட்டவும் பழக வேண்டும். சாதாரணக் காற்றோடு சுமார் 50 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே போக ஹீலியம் கலந்த வாயு, தனிப் பயிற்சி.

பயிற்சி பெறுபவர் முறைவைத்து மேலே நின்று, கீழே இருப்பவரின் கொடியையும் பிடிக்க வேண்டும். முத்துக்குளிக்கும்போது கயிற்றைப் பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். தங்கை தாலிக்காக அவர் கயிற்றை விடமாட்டார் என்ற நம்பிக்கை. இன்று அந்த இடத்தில் விதிமுறை நிற்கிறது.

இந்தத் தொழிலுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவை மூன்று. ஒன்று, பொழுதுபோக்கு ஸ்கூபா சான்றிதழ் இந்த வேலைக்குச் செல்லாது. இரண்டு, பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் சான்றிதழை ஐ.எம்.சி.ஏ. என்னும் பன்னாட்டு அமைப்பு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, 18 வயதுக்குள் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் அல்லது ஃபிட்டர் படித்தால் கைத்தொழிலோடு போகலாம். கடற்படையில் சேர்பவர்களுக்குக் கொச்சியில் தனிப் பயிற்சிப் பள்ளியே உண்டு.

மறுநாள் வகுப்பில், "நேத்து நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொன்னேன். காற்று பாதியாகச் சுருங்கினால் 10 மீட்டர் ஆழம். விட்டால் இரு மடங்காக விரிகிறது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் ஏன் கிழியும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பிறகு ஒரு சோடா பாட்டிலைச் சட்டென்றும், இன்னொன்றை மெதுவாகவும் திறந்து காட்டினேன்.

அடுத்த வாரம் அவன் வந்து சொன்னான்: "மாமாவுக்கு போன் பண்ணேன் மிஸ். மெதுவா ஏறச் சொன்னேன். வலிச்சா தைலம் தேய்க்காம உடனே டாக்டர்கிட்ட போகச் சொன்னேன்."

இருபது ஆண்டுகளாகப் பாயில் விதி நடத்துகிறேன். அது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கேள்வியைப் பாடத்தில் இல்லை என்று ஒதுக்கும் முன், ஒருமுறை புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.