துணி துவைக்க எத்தனை யூனிட்?

கரண்ட் பில் கூடுதலாக வந்தால் பல வீடுகளில் முதல் பழி விழுவது வாஷிங் மெஷின் மேல்தான். மெஷினின் பின்புறத் தகட்டைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஃப்ரண்ட் லோடு மெஷின் என்றால் 2000 வாட் அல்லது அதையொட்டி ஏதாவது போட்டிருக்கும். ஒரு தடவை துவைக்க இரண்டு மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 4 யூனிட். வாரம் நான்கு தடவை போட்டால், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் இதற்கே பத்தாது.

ஆனால் இந்தக் கணக்கு தப்பு.

தகட்டில் இருப்பது மெஷின் இழுக்கக்கூடிய உச்ச அளவு. அதில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போகிறது. டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்குச் சில நூறு வாட் போதும். அதுவும் கொஞ்சம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றுவதால் முழு நேரமும் ஓடுவதில்லை.

இதை ஈ.பி. மீட்டரிலேயே பார்க்கலாம். மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதும் அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, முக்கியமாக இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓடவிட வேண்டும். இன்வெர்ட்டரை மறந்தால், பேட்டரி சார்ஜ் ஆவதும் துணிக்கணக்கில் சேர்ந்துவிடும். டிரம் 250 வாட்டில் சுற்றும்போது நாலரை நொடிக்கு ஒரு மினுக்கு. ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் அதே விளக்கு இரண்டு நொடிக்குள் மூன்று தடவைக்கு மேல் துடிக்கும். மின்சாரம் எங்கே போகிறது என்பது கண்முன்னே தெரிந்துவிடும்.

மினுக்கை எண்ணப் பொறுமை இல்லாதவர்கள் பிளக்கில் செருகும் அளவுமானி வாங்கலாம். ஹீட்டர் உள்ள மெஷினுக்கு 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குவது அவசியம். ஆம்பியரை மட்டும் அளந்து வோல்ட்டால் பெருக்குவது மோட்டாருக்குச் சரிப்படாது. பவர் ஃபேக்டர் குறைவாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

சூட்டின் விலையைக் காகிதத்திலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1.16 வாட்-மணி வேண்டும். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 2000 வாட் ஹீட்டருக்கு அது 17 நிமிட வேலை. 40 டிகிரி போதுமென்றால் 0.2 யூனிட். துணியும் டிரம்மும் சூடேறுவது தனி. ஹீட்டரே இல்லாத செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இந்தச் செலவுக்கே இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின் லேபிளில் 100 தடவை துவைக்க ஆகும் யூனிட்டை அச்சிடுகிறார்கள். அதற்காக அளக்கும் 'ஈகோ' முறை மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம். நேரம் நீண்டாலும் சூடு குறைவு என்பதால் மின்சாரம் மிச்சமாகிறது.

நம் ஊர் மொட்டைமாடித் தொட்டியில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் தானாகவே சுடும். ஆனாலும் பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் 'காட்டன்' என்று திருப்பினால் 40 அல்லது 60 டிகிரி தானாக வந்து நிற்கிறது. அன்றாடம் உடுத்தும் துணிக்கு, வெப்பநிலைப் பொத்தானைத் தட்டி 'கோல்டு'க்குக் கொண்டுவந்த பிறகே ஸ்டார்ட் அழுத்த வேண்டும்.